அம்மியை யார் எடுத்துக்கொள்வது?

நோன்பு பாதியைத் தாண்டிவிட்டால் சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்கிவிடும். ஒன்று வாங்குவது. இன்னொன்று இறக்குவது.

வாங்குவதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கேலாங் சிராயில் கூட்டம், ஜூ சியாட் காம்ப்ளெக்ஸில் திரைச்சீலைத் துணி, தேக்காவில் ஆட்டிறைச்சிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது, பிள்ளைகளுக்கு பாஜு, பச்சை உறையில் போடப் புது இரண்டு வெள்ளி நோட்டு. இறக்குவதைப் பற்றி அதிகம் பேச்சு இருக்காது. வீவக வீட்டில் பரண் கிடையாது. ஸ்டோர் ரூம்தான் பரண். புது வீடுகளில் குண்டு தாங்கும் அறைதான் பரண். அதன் கனத்த கதவைத் திறந்து, டயப்பர் பெட்டியையும் ஓடாத காற்றாடியையும் நகர்த்தினால் உள்ளே பெருநாள் உட்கார்ந்திருக்கும். பிரியாணி தேக்சா, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டு, பன்னீர்ச் செம்பு, பள்ளிவாசலில் கஞ்சி வாங்கப் போகும் எனாமல் தூக்குச்சட்டி. புளி போட்டுத் தேய்ப்பார்கள், ஒரு மாதம் புழங்குவார்கள், மறுபடி உள்ளே போய்விடும். உங்கள் வீட்டிலும் தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் முறுக்கு உரல் ஒன்று இருக்குமே, அதுபோலத்தான்.

எங்கள் குடும்பத்தில் இந்த ஆண்டு இறங்கிய பொருள்கள் திரும்ப அதே அறைக்குப் போகப் போவதில்லை.

என் நன்னிமாவுக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, 82 வயது. ஈசூனில் உள்ள நாலறை வீட்டில் 38 ஆண்டுகளாக இருக்கிறார். போன ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. நன்னா இறந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. இனித் தனி வீடு சரிவராது என்று பிள்ளைகள் மூவரும் பேசி முடிவெடுத்தார்கள். பெருநாள் முடிந்த மறுவாரம் தெம்பனிஸில் மாமா வீட்டுக்குப் போகிறார். ஈசூன் வீடு விற்பனைக்கு.

நன்னிமா அழவில்லை. "வீடுதானே, தஞ்சோங் பகார்ல இருந்து வந்தப்பவும் இப்படித்தான் கெடந்து பேசுனிய" என்றார், அவ்வளவுதான். பிள்ளைகள்தான் தவிக்கிறார்கள். மாமா ஓய்வுபெற்ற கணக்காளர். அவருடைய தவிப்பு அட்டவணையாக வெளிப்பட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு எக்செல் கோப்பு வந்து விழுந்தது. வரிசை எண், பொருள், யாருக்கு, நன்கொடை, வீசுவது. மொத்தம் 114 வரிசை. தேக்சா சின்னம்மாவுக்கு. சஹன் தட்டு அம்மாவுக்கு. தையல் இயந்திரம் நன்கொடை. வெற்றிலைச் செல்லம் எனக்கு. (வெற்றிலை போடும் பழக்கம் எனக்கில்லை. காதணி போட்டு வைப்பேன்.) இப்படி 113 வரிசைக்கும் பதில் வந்துவிட்டது. 'அம்மி, குழவி' என்ற ஒரு வரிசையில் மட்டும் மூன்று வாரமாகக் கேள்விக்குறி நின்றது.

கறியா, மீனா, எத்தனை பேருக்கு?

அந்த அம்மி ஒன்றரை அடி நீளம். நானும் தம்பியும் குளியலறைத் தராசில் ஏற்றிப் பார்த்தோம், குழவியோடு ஏறக்குறைய 30 கிலோ. நடுவில் தேய்ந்து, தொட்டில் போலக் குழிந்திருக்கும். அது நன்னிமாவின் அம்மா அரைத்த குழி.

கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம்களுக்குச் சிங்கப்பூரில் தனிக் கதை உண்டு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெரும்பாலான ஆண்கள் குடும்பத்தை ஊரிலேயே விட்டுத் தனியாகத்தான் வந்தார்கள். கடையநல்லூர்க்காரர்கள் மனைவி மக்களையும் அழைத்து வந்தார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நெருக்கி நெருக்கிக் குடியிருந்தார்கள். பெண்கள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாம் அம்மியில் விழுதாக அரைத்து விற்றார்கள். சந்தையில் அரைத்த மசாலா விற்றவர்களில் இந்த ஊர்ப் பெண்கள் முக்கியமானவர்கள். கறியா மீனா, எத்தனை பேருக்கு என்று இரண்டே கேள்வி கேட்டு, ஏழெட்டு விழுதுக் குவியலிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் வழித்து ஒரு பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். சீனரும் மலாய்க்காரரும் வாங்கிப் போய்ச் சமைப்பார்கள். இன்று பல இனத்து வீடுகளில் கொதிக்கும் கறியில் அந்தப் பெண்களின் கைக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தக் கூட்டத்தில் என் பூட்டியும் ஒருவர். விடியுமுன் நாலு மணிக்கு அரைக்க உட்காருவாராம். நன்னிமா 1956-ல், 12 வயதில், ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியதுமே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை மிளகாய்க் காம்பு கிள்ளுவது. கை எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய். அழுதால் திட்டு. நன்னிமாவின் தம்பிகள் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் தொடங்கிய பள்ளி அது, 1982-ல் மூடப்பட்டது. நன்னிமா பள்ளிக்குப் போகவில்லை. கல்லுக்குப் போனார்.

எங்கள் குடும்பத்தில் அந்த அம்மியைப் பற்றி ஒரு புராணம் உலவுகிறது. கப்பலில் ஊரிலிருந்து கொண்டுவந்த கல், பூட்டி மடியில் வைத்தே வந்தார் என்றெல்லாம் மாமா சொல்வார். நான் வானொலியில் ஒருமுறை கப்பல் பயணங்களைப் பற்றி நிகழ்ச்சி செய்தபோது இதைக் கேட்டு உறுதிப்படுத்தலாம் என்று நன்னிமாவிடம் போனேன். சிரித்துவிட்டார். "கல்லைப் போயி எவனாவது கப்பல்ல ஏத்துவானா? துணி கொண்டாரவே எடம் இல்ல. இங்க ஒரு சீன ஆளுகிட்ட வாங்குனது. காசு கொறைக்கச் சொல்லி எங்க அம்மா மூணு நாளு நடந்தா."

எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. மாமாவுக்குப் பிடிக்கவில்லை, இன்னும் கப்பல் கதையைத்தான் சொல்கிறார்.

சரி, கல்லை யார் எடுத்துக்கொள்வது? சின்னம்மா வீட்டில் புதுத் தரை, கீறிவிடும் என்று பயம். எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே வந்துதான் மற்றவர் திரும்ப முடியும். தம்பி, மேலே கண்ணாடி வைத்து வரவேற்பறை மேசையாக்கலாம் என்றான், அவனை யாரும் மதிக்கவில்லை. இன்னொரு உறவினர், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். நல்ல யோசனைதான். நன்னிமா கேட்டார், "அங்க வச்சா யாரு அரைப்பா?"

மிச்சம் தெம்பனிஸ் மாமி. கல் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னவர் அவர்தான். குழுவில் அவரைப் பற்றிப் பூடகமாக இரண்டு மூன்று குரல்பதிவுகள் வந்தன. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மாமி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னதை அம்மா என்னிடம் சொன்னார்: "எங்க மாமியை நான் பார்த்துக்கறேன், சந்தோஷமா. கல்லையும் நானேதான் பார்த்துக்கணுமா?" இதற்கு யாரிடம் பதில் இருக்கிறது? பாரம்பரியம், நினைவுப் பொருள் என்று உருகுகிறவர் ஒருவர், அதற்கு இடம் ஒதுக்கித் தூசி தட்டுகிறவர் வேறொருவர். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது, தட்டுகிறவர் பெரும்பாலும் மருமகளாகத்தான் இருக்கிறார்.

அட்டை இல்லாத புத்தகம்

மாமாவின் அட்டவணையில் 71-ஆம் வரிசை: 'அரபுப் புத்தகம், பழையது, 1'. யாருக்கு என்ற இடத்தில் 'பள்ளிவாசல்' என்று எழுதியிருந்தார். ஓத முடியாத அளவுக்குச் சிதைந்த வேதப் பிரதிகளை மரியாதையோடு அப்புறப்படுத்தப் பள்ளிவாசலில் கொடுப்பது வழக்கம், அந்த எண்ணத்தில்.

அலமாரியின் கீழ்த்தட்டில், நன்னிமாவின் வெள்ளைத் துப்பட்டிக்குள் சுற்றி வைத்திருந்த புத்தகம் அது. அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. தாள் தேயிலைச் சாயத்தில் முக்கியது போல இருக்கும். எழுத்து அரபு எழுத்துதான். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் துடைத்துக்கொண்டிருந்தபோது, மாமாவின் பேத்தி அதை எடுத்துப் பிரித்தாள். தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். வார இறுதி மதரசாவுக்குப் போவதால் குர்ஆன் சரளமாக ஓதுவாள். தமிழ்தான் அவளுக்குக் கொஞ்சம் இடிக்கும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

மதரசாவில் ஓதும் பழக்கத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தம் கொடுத்து ஒரு வரியை வாய்விட்டுப் படித்தாள். நிறுத்தினாள். மறுபடி படித்தாள். பிறகு சமையலறை வரை கேட்கும்படி கத்தினாள்: "நன்னிமா, இது அரபு இல்ல! இது தமிழ்!"

அரபுத் தமிழ் என்று இதற்குப் பெயர். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டின் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் நூற்றாண்டுகளாகப் புழங்கியது. மார்க்கச் சட்டம், நபிமார் வரலாறு, மருத்துவம், மாலைப் பாடல்கள், வீட்டுக் கடிதங்கள் எல்லாம் இதில் எழுதினார்கள். தமிழ் முஸ்லிம்களுக்குச் சிங்கப்பூரில் அச்சுக்கூடமும் நெடுநாளாக இருந்திருக்கிறது. 'சிங்கை நேசன்' இதழை சி.கு. மகுதூம் சாயபு 1887-லேயே இங்கே நடத்தினார், அது தமிழ் எழுத்தில் வந்தது. அரபுத் தமிழ் நூல்கள் வீட்டுக்குள் புழங்கின, அதிலும் பெண்கள் கையில். பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்பிள்ளைகளுக்கும் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பார்கள். அந்த எழுத்து தெரிந்துவிட்டால் இந்தப் புத்தகங்களையும் படித்துவிடலாம்.

இதை நான் மீடியா படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதியபோது தெரிந்துகொண்டேன். நன்னிமாவுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்க ஒரு 11 வயதுப் பிள்ளை வேண்டியிருந்தது.

நன்னிமா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியை மாட்டினார். பிள்ளை தடுக்கிய இடம் புள்ளி கூட்டிய எழுத்துகள். அவளுக்கு மதரசாவில் அவற்றைச் சொல்லித் தரவில்லை. "இது ப. இது ள. நாக்கை மடக்கு" என்று விரலை வைத்துக் காட்டினார். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முக்கால் பக்கம் படித்தார்கள். நோன்பின் சட்டங்கள். எதெல்லாம் நோன்பை முறிக்கும், எதெல்லாம் முறிக்காது. பிள்ளைக்கு உள்ளடக்கம் ஒன்றும் புதிதில்லை, மதரசாவில் படித்ததுதான். ஆனால் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் தடுமாறும் பெண், பாட்டியின் தமிழைத் தடங்கல் குறைவாகப் படிக்கிறாள், வேறு ஒரு எழுத்து வழியாக. அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்தார், அடுப்பில் பால் பொங்கியது யாருக்கும் தெரியவில்லை.

71-ஆம் வரிசையில் மாமா அன்றைக்கே திருத்தம் செய்தார். யாருக்கு என்ற இடத்தில் இப்போது பேத்தியின் பெயர் இருக்கிறது. என் பங்குக்குப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அலமாரியிலும் இப்படி 'பழைய அரபுப் புத்தகம்' இருந்தால், கொடுத்துவிடுவதற்கு முன் ஓதத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு வரி வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

மிஃராஜ் மாதத்தில் கத்தரிக்கோல்

கல்லையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போகலாம். செடி அப்படியில்லை.

நன்னிமா வீட்டுத் தாழ்வாரத்தில் 19 தொட்டிகள். பாண்டான் இலை (நோன்புக் கஞ்சிக்கு இங்கே அது இல்லாமல் முடியாது), கறிவேப்பிலை, புதினா, செராய், ஒரு மல்லிகை, நடுவில் ராணி மாதிரி மருதாணி. ஆள் உயரம். ஈசூனுக்கு வந்த ஆண்டிலேயே வைத்தது, தண்டு என் மணிக்கட்டுப் பருமன்.

தாழ்வாரத் தோட்டக்காரர்களுக்கு இரண்டு கவலைகள் எப்போதும் உண்டு. தீயணைப்பு விதிப்படி நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு. நன்னிமா தட்டே வைப்பதில்லை. செங்கல் துண்டுமேல் தொட்டி, தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் அரிசி களைந்த தண்ணீர். நன்னிமா மருத்துவமனையில் இருந்த 16 நாளும் பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டிதான் தண்ணீர் ஊற்றினார். நன்னிமா திரும்பி வந்து முதலில் பார்த்தது செடியை, பிறகுதான் எங்களை.

மருதாணி வளர்ப்பது கடினமில்லை. வெயில் வேண்டும், குறைந்தது அரை நாள். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஈரம் குறைந்தால் தாங்கிக்கொள்ளும், கூடினால் அழுகிவிடும். சிக்கல் என்னவென்றால் நாள். ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு என்பதால் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகள் டிசம்பர் மழையில் வரும், சில ஆண்டுகள் ஜூலை வெயிலில். செடிக்கு அது தெரியாது. நன்னிமாவின் முறை இது: நோன்புக்கு இரண்டு மாதம் முந்திய மிஃராஜ் மாதத்தில் கிளைகளைக் கத்தரித்துவிடுவார். பராஅத் மாதத்தில் தளிர் விடும். பெருநாள் முந்திய இரவுக்கு இலை முற்றியும் முற்றாமலும், அரைக்கப் பக்குவமாக இருக்கும். ஆங்கில நாட்காட்டியை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

அன்று இரவு அந்த மாடியே எங்கள் வாசலில்தான் இருக்கும். இலையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, இரண்டு கிராம்பு, கெட்டித் தேயிலைத் தண்ணீர் விட்டு அம்மியில் அரைப்பார்கள். மலாய்க்காரர் வீட்டுப் பிள்ளைகளும் 'இனாய்' என்று கையை நீட்டிக்கொண்டு வருவார்கள். உள்ளங்கையில் ஒரு வட்டம், விரல் நுனிக்கு ஒரு தொப்பி. டிசைன் எல்லாம் கிடையாது. கழுவியதும் ஆரஞ்சாக இருக்கும், ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும்.

இங்கே ஒரு சொல். கடையில் கிடைக்கும் கோன் வாங்குபவர்கள் 'கறுப்பு மருதாணி' என்று எதைச் சொன்னாலும் பிள்ளைகள் கையில் போடாதீர்கள். மருதாணி இலையிலிருந்து கறுப்பு நிறம் வராது. உடனடியாகக் கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் அதில் முடிச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கும். தோலில் கொப்புளம் கிளம்பி, தழும்பும் நிற்கலாம். பெருநாள் காலையில் அழுதுகொண்டு மருத்துவரிடம் ஓடிய ஒரு நேயர் எங்கள் நிகழ்ச்சிக்கு அழைத்துச் சொன்ன பிறகு, ஒவ்வோர் ஆண்டும் இதை நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆள் உயரச் செடியைத் தெம்பனிஸுக்குக் கொண்டுபோக முடியாது. மாமா வீட்டில் தாழ்வாரம் கிடையாது, மின்தூக்கிக்கு நேரே கதவு. வெயில் படும் இடம் துணி காயப்போடும் சன்னல் மட்டும். அதனால் கன்று எடுத்திருக்கிறோம். பென்சில் பருமனில் ஒரு சாண் நீளக் குச்சி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்தோம். ஆறு குச்சியில் நாலு துளிர்த்திருக்கிறது, இரண்டு கறுத்துவிட்டது. ஒன்று தெம்பனிஸுக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. நாலாவது சீன ஆன்ட்டிக்கு. அவருக்கு மருதாணி எதற்கு என்று கேட்டேன். இத்தனை நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், எனக்கு இல்லையா என்று திருப்பிக் கேட்டார். தாய்ச்செடியையும் அவரே பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார், வீடு வாங்குகிறவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை.

சனிக்கிழமை நோன்பு திறப்பு

போன சனிக்கிழமை ஈசூன் வீட்டில் எல்லாரும் சேர்ந்து நோன்பு திறந்தோம், 21 பேர். அந்த வீட்டில் இத்தனை பேர் கூடுவது இனி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. மாமா மட்டும் ஒவ்வொரு அறையிலும் போய் விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்.

கஞ்சி வீட்டிலேயே காய்ச்சினோம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்திய ஆட்டிறைச்சி, இஞ்சி பூண்டு விழுது, பாண்டான், கடைசியில் தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளத் துவையல். துவையல் அம்மியில் அரைக்க வேண்டும் என்று நன்னிமா சொல்லிவிட்டார். மிக்ஸியில் அடித்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அது சட்னி, துவையல் இல்லை என்பது அவர் கட்சி. அவரால் இப்போது தரையில் உட்கார முடியாது. அம்மா முழங்கால் வலிக்காரர். சின்னம்மா ஐந்து நிமிடம் அரைத்துவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் முயன்றேன், மிளகாய் குழவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழிந்து ஓடியது.

"உங்கள்ல ஒருத்தருக்கும் அரைக்கத் தெரியலையே. அப்புறம் என்னத்துக்கு மூணு வாரமா கல்லுக்குச் சண்டை போடுதிய?" என்றார் நன்னிமா.

அப்போது காக் வந்து உட்கார்ந்தார். நன்னிமாவை நான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர். மத்திய ஜாவாவில் ஒரு கிராமம். மலாய் வழக்கப்படி அக்காவுக்கு 'காக்' என்கிறோம். (தமிழ் முஸ்லிம்கள் பலருக்குக் காக்கா என்றால் அண்ணன். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் குழம்பியே போனார்.) அவர் ஊரிலும் கல்லில்தான் சம்பல் அரைப்பார்கள், ஆனால் வட்டக் கல், கையில் பிடிக்கும் சின்னக் குழவி. இந்த நீளக் குழவியை இரண்டு கையாலும் உருட்டப் பழக்கியது நன்னிமா. இருவரும் பேசிக்கொள்வது நன்னிமா சந்தையில் கற்ற மலாயில். "கிலிங் பெலான்-பெலான்" என்பார் நன்னிமா. மெதுவாக அரை என்று பொருள். கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காமல் இருக்கக் கல்லுக்கு அடியில் என் பழைய யோகா விரிப்பை நாலாக மடித்துப் போட்டிருந்தார் காக்.

பத்து நிமிடத்தில் துவையல் உருண்டையாக வந்தது. குழவியைக் கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் கஞ்சியில் ஊற்றினார்.

நாங்கள் இல்லாத நாள்களிலும் வாரம் இரண்டு தடவை அந்தக் கல்லில் அவர் அரைக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. நன்னிமாவுக்கு மிக்ஸி விழுது நெஞ்சைக் கரிக்கிறதாம். உண்மையோ பிடிவாதமோ தெரியாது. காக் தனக்கும் அதிலேயே சம்பல் அரைத்துக்கொள்கிறார். பெருநாளைக்கு அவர் ஊரில் எல்லாரும் நகரங்களிலிருந்து வீடு திரும்புவார்கள், அதற்கு 'மூடிக்' என்று தனிச் சொல்லே உண்டு. அவருக்கு இது வீடு திரும்பாத நாலாவது பெருநாள். மகனிடம் காணொளியில் பேசும்போது கைப்பேசியை அம்மிமேல் சாய்த்து வைப்பார், அதை நானே பார்த்திருக்கிறேன். கல்லுக்கு அப்படியும் ஒரு பயன்.

தெம்பனிஸுக்கு நன்னிமாவோடு காக்கும் போகிறார். தராவீஹ் தொழுகைக்கு ஆண்கள் கிளம்பிப் போன பிறகு மாமி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். காக் மலாயில் அவரிடம் கேட்டார்: புவான், அங்கே கல் இருக்குமா? மாமி குழாயை மூடினார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எங்களில் யாராவது கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருப்பார். அரைக்கப்போகிறவரே கேட்கும்போது என்ன சொல்வது? "எவ்வளவு நீளம் இருக்கும்?" என்றார்.

இதை நீங்கள் படிக்கும்போது நோன்பு 25-ஐ எட்டியிருக்கும். வேலைகள் இன்னும் நிறைய மிச்சம். ஃபித்ரா கொடுத்தாயிற்று, தலைக்கு ஏறக்குறைய 2.3 கிலோ அரிசிக்கு ஈடான தொகை, இவ்வளவு வெள்ளி என்று முயிஸ் அறிவிக்கும். 29-ஆம் நோன்பு மாலை மறுநாள் பெருநாளா என்ற அறிவிப்பு வரும்போது நான் ஒலிபரப்பு அறையில் இருப்பேன். அறிவிப்பு வந்த அடுத்த நிமிடம் குறுஞ்செய்திகள் கொட்டும், பாதிப் பேர் வாழ்த்து சொல்வார்கள், பாதிப் பேர் எங்கே இன்னும் புதினா கிடைக்கும் என்று கேட்பார்கள். நிகழ்ச்சி முடிந்து ஈசூன் போய்ச் சேர இரவு 11 ஆகும். எனக்கென்று ஓர் உருண்டை மருதாணியைக் கிண்ணத்தில் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை மாமாவின் எக்செல் கோப்பு மறுபடி வந்தது. கடைசி வரிசையில் கேள்விக்குறி போய், 'தெம்பனிஸ், துணி துவைக்கும் இடம்' என்று இருந்தது. அதற்குக் கீழே மாமி தனியாக ஒரு படம் அனுப்பியிருந்தார். சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே அளவு நாடா விரித்த படம். 52 சென்டிமீட்டர். கல் 46.